சாவி திரும்பாத கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களின் இக்னிஷன் லாக் குறித்துக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2004-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 கார் உள்ளது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சில மாதங்களாகச் சாவி எளிதில் திரும்புவதில்லை. ஸ்டீயரிங்கை ஆட்டி, சாவியைச் சற்று வெளியே இழுத்துப் பிடித்துத் திருப்பினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இரண்டொரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் பழையபடியே ஆகிவிடுகிறது. லாக்கை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? நானே மாற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், குளச்சல்

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் எதை மாற்றுவது என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இக்னிஷன் லாக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று பாகங்கள் சேர்ந்தது. சாவி நுழைகிற உருளை முதலாவது. பேரல் என்று கடைகளில் கேட்டுப் பெறுவது இதைத்தான். அந்த உருளை திரும்பும்போது முன்னும் பின்னும் நகர்ந்து ஸ்டீயரிங் தண்டைப் பூட்டவும் விடுவிக்கவும் செய்கிற இரும்பு நாக்கும், அதைத் தாங்கும் கூடும் இரண்டாவது. இவற்றின் பின்புறத்தில் திருகுகளால் பொருத்தப்பட்டு, ஒயர்கள் வந்து சேருகிற மின்சுவிட்ச் மூன்றாவது. இவற்றில் எது கெட்டாலும் சாவி போட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றுதான் நாம் சொல்வோம். அதைக் கேட்டுப் பட்டறையிலும் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது உண்டு.

உங்கள் வண்டியில் எது பழுது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். வண்டி வாங்கியபோது கிடைத்த இரண்டாவது சாவி பெரும்பாலும் அலமாரியில் பயன்படுத்தப்படாமல் கிடக்கும். அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது தடையின்றித் திரும்பினால் பழுது லாக்கில் இல்லை, அன்றாடம் பயன்படுத்தும் சாவி தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அந்தப் புதுச் சாவியை மாதிரியாகக் கொடுத்து இன்னொன்று வெட்டிக்கொண்டால் போதும். தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால், இயந்திரம் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுக்கும் என்பதைச் சாவி வெட்டுபவர்கள் எல்லோரும் நமக்குச் சொல்வதில்லை. இரண்டு சாவிகளுமே ஒரே மாதிரி இறுகினால் பேரலின் மீது சந்தேகம் கொள்ளலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதாவது ‘ஆன்’ நிலையிலேயே, சாவியை உருவ முடிகிறது என்றால் பேரலோ சாவியோ மிகவும் தேய்ந்துவிட்டது. இனித் தள்ளிப்போடக் கூடாது. சாவி வழக்கம்போல் திரும்பி, ஆனால் ஸ்டார்ட்டர் மட்டும் அசையவில்லை என்றால் பேரலைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பாட்டரி முனைகள், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான சொலினாய்டு, பின்புற மின்சுவிட்ச் ஆகியவற்றை அந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை ஆட்டினால் சாவி திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முன்சக்கரத்தைத் திருப்பியபடியோ, சாலையோரக் கல்லில் முட்டியபடியோ நிறுத்தி விட்டு வந்தால், பூட்டு நாக்கு ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் ஒரு பக்கமாக நெருக்கப்பட்டு நிற்கும். அந்த நிலையில் புதிய காரிலும் சாவி திரும்பாது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புவதுதான் அதற்குரிய முறை. சக்கரம் நேராக நிற்கும்போதும் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் மட்டுமே அது பழுது.

இனி எண்ணெய் விஷயம். பேரலுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றையும் நூலிழை போன்ற ஒரு சிறு ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சரியான சாவி நுழையும்போது தகடுகள் எல்லாம் உருளையின் விளிம்போடு ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். ஒரு தகடு மயிரிழை அளவு துருத்திக்கொண்டிருந்தாலும் அது கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் காற்றோடு வருகிற உப்பு ஈரம் பித்தளையில் பச்சை படியச் செய்கிறது, துத்தநாகக் கலவையாலான கூட்டில் வெண்பொடி பூக்கச் செய்கிறது, ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. அதன்மேல் தேங்காய் எண்ணெய் விடும்போது முதலில் எல்லாம் வழுக்கிக்கொண்டு நகரும். பிறகு தூசியும் சட்டைப் பையிலிருந்து சாவியோடு வருகிற பஞ்சும் எண்ணெயில் ஒட்டி, தகடுகளைச் சுற்றிப் பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைகிற எண்ணெய் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மார்கழி விடியலில் மட்டும் சாவி இன்னும் அதிகமாக முரண்டு பிடித்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்தப் பசையால் வரும் இன்னொரு கேடு பலருக்குத் தெரிவதில்லை. ‘ஸ்டார்ட்’ நிலைக்குத் திருப்பிய சாவி, கையை விட்டதும் தானாகவே ‘ஆன்’ நிலைக்குத் திரும்பி வர வேண்டும். பேரல் பிசுபிசுத்து அது திரும்பாமல் நின்றுவிட்டால், எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் அதனோடு சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். சிறிது நேரத்திலேயே அது கருகிப்போகலாம். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் கரகரவென்ற ஓசை நிற்கவில்லை என்றால் சாவியைக் கையாலேயே பின்னோக்கித் திருப்புங்கள். அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஆகவே முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, மின் இணைப்புகளைத் துடைக்கப் பயன்படும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைச் சிறு குழாய் வழியாகச் சாவித் துளைக்குள் அடித்து, சாவியைப் பலமுறை நுழைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பும் பச்சையுமாக அழுக்கு வருவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். அந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் கதவுகளைத் திறந்து வைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே பாட்டரியை இணையுங்கள். பின்னர் கிராஃபைட் தூளை ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம், சாவியில் தடவி உள்ளே செலுத்துங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். அள்ளிப் போட்டால் பின்னாலுள்ள மின்சுவிட்சுக்குள் போய்ச் சேர வாய்ப்புண்டு. இதன் பிறகும் சாவி திரும்பவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரி.

மாற்றும் வேலையைப் பற்றி விளக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீங்களே செய்யலாமா என்று முடிவெடுக்க முடியும். சில கார்களில் பேரலை மட்டும் தனியாகக் கழற்றலாம்: சாவியை ‘ஏசிசி’ நிலையில், அதாவது எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலையில், வைத்து, கூட்டின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை வழியாக மெல்லிய கம்பியால் ஒரு பின்னை அழுத்தினால் பேரல் சாவியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். இதற்குச் சாவி திரும்பியாக வேண்டும் என்பதால், அடியோடு இறுகிப்போகும்வரை காத்திருப்பவர்களுக்குச் செலவு கூடுகிறது. மாருதி 800-இல் பொதுவாகப் பூட்டுக் கூட்டை முழுவதுமாகவே மாற்றுகிறார்கள். அந்தக் கூடு ஸ்டீயரிங் தண்டின் குழாயை அணைத்தபடி, தலையில்லாத போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் முறுக்கும்போதே அவற்றின் தலை ஒடிந்து விழும்படி செய்யப்பட்டவை அவை. திருடன் ஸ்பேனர் போட்டுக் கழற்ற முடியாது என்பதற்கான ஏற்பாடு. ஆதலால் அடிப்புற உறையைக் கழற்றி, ஒயர் கப்ளரைப் பிரித்து, ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் நட்டுகளை விட்டுச் சற்றுக் கீழே இறக்கி, போல்ட்டின் விளிம்பில் கூர்மையான ‘பஞ்ச்’ உளியை வைத்துச் சுத்தியலால் இடப்பக்கமாகத் தட்டித் தட்டித்தான் அவற்றைச் சுழற்றி எடுக்க வேண்டும். உப்பேறித் துருப்பிடித்த வண்டியில் அது அசையாமல், டிரில் போடும் நிலையும் வரும். புதிய கூட்டைப் பொருத்தும்போது சாவி ‘ஏசிசி’ அல்லது ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். கூட்டின் மேடு தண்டுக்குழாயின் துளையில் சரியாக உட்கார வேண்டும். பழைய போல்ட்டுகளையோ கையில் கிடைத்த சாதாரண போல்ட்டுகளையோ போடாமல், புதிய போல்ட்டுகளைத் தலை ஒடியும்வரை முறுக்க வேண்டும்.

இதைப் படித்த பிறகும் கையில் டிரில்லும் ‘பஞ்ச்’ உளியும் பழகியவர் என்றால் செய்யலாம். இல்லையென்றால் பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். காற்றுப்பை உள்ள கார்களில் இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

வேலை எவர் கையால் நடந்தாலும் வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் நீங்களே சோதிக்க வேண்டியவை சில உள்ளன. சாவியை ‘லாக்’ நிலைக்குக் கொண்டுவந்து உருவிய பிறகு ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ள வேண்டும். ‘ஆன்’ நிலையில் ஸ்டீயரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை முழுவதும் திருப்பும்போது எந்த இடத்திலும் உரசலோ தடையோ இருக்கக் கூடாது. இருந்தால் நாக்கு முழுவதும் உள்ளே போகவில்லை என்று பொருள், அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ‘ஸ்டார்ட்’ நிலையிலிருந்து சாவி தானே திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் அதன் உதிரிபாகங்கள் நாகர்கோவில் கடைகளில் கிடைக்கின்றன. மலிவான நகல் பாகங்களில் தகடுகள் மென்மையாக இருந்து சீக்கிரம் தேய்ந்துவிடும், அசல் பாகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். கதவுகள், டிக்கி, இக்னிஷன் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வேண்டுமென்றால் முழு லாக் செட் வாங்கலாம். அதைவிடச் சிக்கனமான வழி, கைதேர்ந்த பூட்டுத் தொழிலாளியிடம் புதிய பேரலின் தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்றபடி வரிசை மாற்றிப் பொருத்தச் சொல்வது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: கார் தாக்கோலோடு வீட்டுத் தாக்கோல், கேட், மோட்டார் அறை, ரப்பர் ஷீட் புகைபோடும் அறை என எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோர்த்து வைத்திருக்கிறேன். அது லாக்கைக் கெடுக்கும் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
— வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் போகிற மேடுபள்ளமான சாலையில் அந்தக் கொத்து ஒவ்வொரு குலுக்கலிலும் சாவியைக் கீழ்நோக்கி இழுத்து ஆடுகிறது. தகடுகளும் சாவித் துளையின் விளிம்பும் ஒரு பக்கமாகத் தேய்கின்றன. பின்புறச் சுவிட்சின் தொடுமுனைகளும் தளர்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது மீட்டர் பலகையின் விளக்குகள் கணநேரம் அணைந்து எரிந்தால், சுவிட்ச் தளர்ந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி.

இது தேய்மானத்தோடு முடிகிற விஷயம் அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் செவ்ரலே கோபால்ட் உள்ளிட்ட இலட்சக்கணக்கான கார்களை இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. சாவியை ‘ஆன்’ நிலையில் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்தச் சுவிட்சுகளில் போதுமான அளவு இல்லை. சாவி வளையத்தின் எடையாலோ குலுக்கலாலோ அது ‘ஏசிசி’ நிலைக்கு நழுவ, ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் துணைவிசையும் போயின. மோதும்போது காற்றுப்பை விரியவில்லை. அந்தக் கோளாறு காரணமாக நேர்ந்தவை என்று 124 மரணங்களுக்கு இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. பழுது நீக்கும்வரை வளையத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கார்ச் சாவியை மட்டும் போட்டு ஓட்டும்படி அந்த நிறுவனமே உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

அந்தக் கார்களின் குறை உங்கள் காரில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேய்ந்த பழைய சுவிட்சும் கனத்த கொத்தும் சேர்ந்தால் அதே விளைவை நோக்கித்தான் போகும். கார்ச் சாவியை இன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள். எப்போதாவது ஓட்டத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை உருவவோ ‘லாக்’ பக்கம் திருப்பவோ கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள்; மிதிக்க மிதிக்க மிச்சமிருக்கும் துணைவிசையும் தீர்ந்துபோகும்.

கேள்வி: பேரல் மாற்றிய பிறகு புதுச் சாவி நன்றாகத் திரும்புகிறது, ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. மீட்டர் பலகையில் ஒரு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. மாற்றியவர் பேரலில் குறையில்லை என்கிறார்.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அவர் சொல்வது சரி, ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. உங்கள் காரில் இம்மொபிலைசர் இருப்பதாகத் தெரிகிறது. பழைய சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறு சிப் இருக்கும். சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையச் சுருள் அதன் அடையாளத்தைப் படித்துச் சொன்னால்தான் எஞ்சின் கணினி வண்டியை ஓட அனுமதிக்கும். புதுச் சாவியில் அந்த அடையாளம் இல்லை. பழைய சாவியின் தலையைச் சாவித் துளைக்கு ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு புதுச் சாவியால் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் பிடித்தால் காரணம் அதுதான். பழைய சிப்பைப் புதுச் சாவிக்குள் மாற்றிப் பொருத்தலாம், அல்லது புதுச் சாவியைக் காரின் கணினியில் பதிவு செய்யலாம். பழைய சாவிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: சாவியே வேண்டாம், டாஷ்போர்டில் ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன், செலவும் குறைவு என்கிறார் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன். செய்துகொள்ளலாமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: வேண்டாம். தொழிற்சாலையிலேயே பட்டன் வைத்து வருகிற கார்களில் சாவியின் அடையாளத்தைச் சோதிப்பதற்கும், ஸ்டீயரிங்கைப் பூட்டுவதற்கும் தனி ஏற்பாடுகள் உள்ளன. பழைய காரில் லாக்கைத் தவிர்த்து ஒயர்களை ஒட்டி வைக்கிற பட்டனில் அவை எதுவும் இல்லை. ஸ்டீயரிங் பூட்டாமல் இருக்க நாக்கை வெட்டியோ, லாக் கூட்டையே எடுத்தோதான் அதைச் செய்வார்கள். அதன் பிறகு கதவைத் திறக்கத் தெரிந்த எவரும் உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். காருக்குள் விளையாடும் குழந்தையின் விரல் பட்டாலும், கியரில் நிற்கும் வண்டி முன்னால் பாயும். பழைய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் கணிசமான மின்னோட்டம் போகிறது. ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் முறுக்கி, டேப் ஒட்டிய இணைப்பு சூடாகி உருகினால் டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பிடிக்கும். அந்தக் குறைந்த செலவுக்குள் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பழுது பின்புற மின்சுவிட்சில் மட்டும் என்றால், அதைத் தனியாக மாற்றுவது பெரும்பாலான கார்களில் சிறிய வேலைதான்.

கேள்வி: சாவி பாதியில் முறிந்து உள்ளே நின்றுவிட்டது. பேரலை உடைத்துத்தான் எடுக்க வேண்டுமா?
— வாசகர், தக்கலை

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. மிச்சமுள்ள பாதியை நுழைத்துத் துழாவினால் முறிந்த துண்டு இன்னும் உள்ளே போகும், பசை தடவி ஒட்டி இழுக்க முயன்றால் பேரலும் வீணாகும். உருளை ‘லாக்’ நிலையில், அதாவது சாவியைச் செருகுகிற நிலையில், இருந்தால்தான் துண்டு வெளியே வரும். வேறு நிலையில் நின்றால் முதலில் தட்டையான மெல்லிய திருப்புளியால் அதை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வளைவு ரம்பத்தின் மெல்லிய பிளேடு ஒன்றை, அதன் பற்கள் வெளிப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, சாவியின் வெட்டுகள் உள்ள ஓரமாகச் செருகி, சற்றே திருகி இழுத்தால் பற்கள் வெட்டுகளில் மாட்டித் துண்டைக் கொண்டுவரும். இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றைச் சேர்த்து வைத்தே நல்ல சாவி வெட்டுபவர் புதியது செய்துகொடுப்பார். முறிந்த சாவி என்பது அநேகமாக இறுகிய பேரலின் விளைவு என்பதால், குளச்சல் வாசகருக்குச் சொன்ன சுத்தம் செய்யும் முறையை நீங்களும் செய்துவிடுங்கள்.

கேள்வி: லாக் மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தெரிவித்துவிடுங்கள். கார் திருட்டுப்போனதாக இழப்பீடு கோரும்போது இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கும்படி நிறுவனங்கள் கேட்கின்றன. கொடுக்கும் சாவி வண்டியின் அசல் சாவியோடு பொருந்தவில்லை என்றால் கேள்விகள் எழும். லாக் மாற்றியதற்கான, வண்டி எண்ணும் தேதியும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, பழைய சாவிகள் இரண்டையும் புதிய சாவிகளில் ஒன்றையும் அதோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு, பாலிசியோடு வைத்திருங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி, அதன் நகலையும் அதே உறையில் வையுங்கள்.